எண்ணிமப் படக்கருவியிலிருந்து கணினிக்குப் படங்களை மாற்றுதல்

எண்ணிமப் படக்கருவியிலிருந்து கணினிக்குப் படங்களை மாற்றுதல் என்பது, பொதுவழக்கில் டிஜிட்டல் கேமரா எனப்படும் எண்ணிமப் படக்கருவியின் நினைவக அட்டையில் பதிவாகியுள்ள ஒளிப்படக் கோப்புகளைக் கணினியின் வன்தட்டிலோ வேறு சேமிப்பகத்திலோ படியெடுத்து வைக்கும் செயலாகும். படச்சுருள் பயன்பாட்டில் இருந்த காலத்தில் சுருளைக் கழுவுதல் எந்த இடத்தை வகித்ததோ, எண்ணிம ஒளிப்படவியலில் ஏறக்குறைய அதே இடத்தை இது வகிக்கின்றது. எனினும் ஒரு முக்கிய வேறுபாடு உண்டு. கழுவிய சுருள் பின்னரும் கையில் இருக்கும். நினைவக அட்டையோ, படங்கள் மாற்றப்பட்டதும் வெறுமையாக்கப்பட்டு மறுபடியும் பயன்படுத்தப்படுகின்றது. ஆகவே மாற்றும்போது நேரும் பிழை பெரும்பாலும் திருத்த முடியாத பிழையாகிவிடுகின்றது.

பத்துப் பதினைந்து படங்களை மாற்றுவதற்கு எந்த வழியும் போதுமானது. ஆயிரக்கணக்கான படங்களைக் குறைந்த நேரத்தில் மாற்றவேண்டிய இடங்களில்தான் வேகமும் ஒழுங்கும் ஒன்றோடொன்று மோதுகின்றன. தாமிரபரணி ஆறு பிறக்கும் பொதிகை மலைப்பகுதியை உள்ளடக்கிய களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்தில், புலிகளைக் கணக்கிட வைக்கப்படும் தானியங்கிப் படக்கருவிகள் இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும்.

வரலாறு

1975 ஆம் ஆண்டில் ஈஸ்ட்மன் கோடாக் நிறுவனத்தின் பொறியாளர் ஸ்டீவன் சாசன் உருவாக்கிய முதல் மாதிரி எண்ணிமப் படக்கருவி, 100க்கு 100 படப்புள்ளிகள் கொண்ட கறுப்பு வெள்ளைப் படத்தை ஒலிநாடாப் பேழை ஒன்றில் பதிவு செய்தது. ஒரு படத்தைப் பதிய 23 நொடிகள் ஆயின. பின்னர் பேழையைக் கழற்றி வேறொரு கருவியில் பொருத்தித் தொலைக்காட்சித் திரையில் படம் பார்க்கப்பட்டது. படம் பதிந்த பொருளைக் கழற்றி இன்னொரு கருவியில் செருகும் இம்முறையே இன்று அட்டை வாசிப்பி வழியாகப் பின்பற்றப்படுகின்றது.

1990களில் வெளிவந்த படக்கருவிகள் பலவும் கணினியின் தொடர் வாயிலோடு கம்பி வடத்தால் இணைக்கப்பட்டன. அந்த வாயிலின் வழக்கமான உச்ச வேகம் நொடிக்கு 1,15,200 பிட்டுகள். இவ்வேகத்தில் ஒரு மெகாபைட்டு அளவுள்ள ஒரே ஒரு படம் வந்து சேர ஏறத்தாழ ஒன்றரை நிமிடம் ஆகும். இத்தொல்லையைத் தவிர்க்கவே 1997 இல் சோனி நிறுவனம் 3.5 அங்குல நெகிழ்வட்டில் நேரடியாகப் படம் பதியும் மாவிகா வகைக் கருவிகளை வெளியிட்டது. அவ்வட்டின் கொள்ளளவு 1.44 மெகாபைட்டு மட்டுமே.

யு.எஸ்.பி இணைப்பு 1996 இல் அறிமுகமாயிற்று. 2000 ஆம் ஆண்டில் அதன் இரண்டாம் பதிப்பும், 2008 இல் மூன்றாம் பதிப்பும் வெளிவந்தன. நினைவக அட்டைகளுள் காம்பாக்ட் ஃபிளாஷ் 1994 இலும், இன்று பரவலாக வழங்கும் எஸ்.டி அட்டை 1999 இலும் தோன்றின.

2000களில் திருநெல்வேலி உள்ளிட்ட தமிழக நகரங்களில் வீட்டில் கணினி இல்லாதோர், தம் அட்டையை ஒளிப்பட நிலையத்திலோ இணைய உலாவு மையத்திலோ கொடுத்துக் குறுவட்டில் பதிந்து வாங்கிக்கொள்வது வழக்கமாக இருந்தது. 700 மெகாபைட்டு கொள்ளும் ஒரு குறுவட்டில் ஒரு திருமணத்தின் படங்கள் அடங்கிவிடும். பின் அட்டை வெறுமையாக்கப்படும். பதியத்தக்க குறுவட்டுகளின் சாயப்படலம் வெயிலாலும் ஈரத்தாலும் கெடக்கூடியது என்பதால், அக்காலக் குடும்பப் படங்கள் பல இன்று படிக்க இயலாத நிலையில் உள்ளன. ஒரே ஒரு படி மட்டும் வைத்திருப்பதன் இடர் இதில் தெளிவாகத் தெரிகின்றது.

மாற்றும் வழிகள்

படக்கருவியையே வடத்தால் கணினியோடு இணைப்பது ஒரு வழி. இவ்வாறு இணைக்கும்போது சில கருவிகள் ஒரு வெளி வட்டைப் போலக் கணினியில் தோன்றும். வேறு சில, படமாற்ற நெறிமுறை எனப்படும் உடன்பாட்டின்படி இயங்கும். இந்நெறிமுறையில் கணினி அட்டையை நேராகப் படிப்பதில்லை. ஒவ்வொரு கோப்பையும் கருவியிடம் கேட்டுப் பெறுகின்றது. கருவியின் சிறிய செயலி இடையில் நிற்பதால் வேகம் குறையலாம். கருவியின் மின்கலமும் இதற்குச் செலவாகின்றது. பாதி மாற்றத்தில் மின்கலம் தீர்ந்து போவது அரிதன்று.

அட்டையைக் கழற்றி அட்டை வாசிப்பியில் செருகுவது மற்றொரு வழி. இதில் படக்கருவி ஈடுபடுவதில்லை. பெரும்பாலான நேரங்களில் இதுவே விரைவானது. அத்துடன் கணினி படியெடுத்துக்கொண்டிருக்கும்போதே வேறோர் அட்டையுடன் படம் எடுப்பதைத் தொடரலாம்.

கம்பியில்லா வழியும் உண்டு. 2007 இல் வெளிவந்த ஐ-ஃபை அட்டை, எஸ்.டி அட்டைக்குள்ளேயே கம்பியில்லா இணைப்பைக் கொண்டிருந்தது. அந்நிறுவனம் பின்னர் மூடப்பட்டது. இன்று கருவிகளிலேயே இவ்வசதி அமைந்துள்ளது. ஒரு சில படங்களை உடனே கைப்பேசிக்கு அனுப்ப இது ஏற்றது. ஆயிரம் படங்களுக்கு ஏற்றதன்று.

வேகத்தைத் தீர்மானிப்பவை

விற்பனைப் பெட்டிகளில் அச்சிடப்படும் வேகங்களைப் படிக்கும்போது பிட்டு, பைட்டு ஆகிய இரண்டையும் வேறுபடுத்தி அறிதல் வேண்டும். எட்டுப் பிட்டுகள் சேர்ந்தது ஒரு பைட்டு. யு.எஸ்.பி 2.0 இன் வேகம் நொடிக்கு 480 மெகாபிட்டு, அதாவது 60 மெகாபைட்டு. நடைமுறையில் கிடைப்பது 30 முதல் 40 மெகாபைட்டு வரையே. யு.எஸ்.பி 1.1 இன் வேகம் 12 மெகாபிட்டு. அதில் நொடிக்கு ஒரு மெகாபைட்டு கிடைத்தாலே நல்லது.

ஓர் அட்டையில் தலா 2 மெகாபைட்டு அளவுள்ள 1,300 படங்கள், ஆக 2,600 மெகாபைட்டு உள்ளதாகக் கொள்வோமாயின், பழைய தொடர் வாயிலில் அவற்றை மாற்ற 62 மணி நேரத்திற்கு மேல் ஆகும். யு.எஸ்.பி 1.1 இல் இது ஏறத்தாழ 43 நிமிடமாகக் குறையும். யு.எஸ்.பி 2.0 இல் நொடிக்கு 30 மெகாபைட்டு வீதம் ஒன்றரை நிமிடம் போதும். யு.எஸ்.பி 3.0 வாயிலும், நொடிக்கு 90 மெகாபைட்டு படிக்கத்தக்க அட்டையும் இருந்தால் அரை நிமிடத்தில் முடியும்.

ஆனால் அட்டை, வாசிப்பி, வடம், வாயில், வன்தட்டு ஆகிய அனைத்தும் ஒரு சங்கிலியின் கண்ணிகள் போன்றவை. இவற்றுள் மெதுவானது எதுவோ அதன் வேகமே முழுச் செயலின் வேகமாகும். மேற்சொன்ன படங்கள் நொடிக்கு 20 மெகாபைட்டு மட்டும் படிக்கத்தக்க மலிவான அட்டையில் இருக்குமாயின், எவ்வளவு விரைவான வாயிலில் செருகினாலும் இரண்டு நிமிடத்திற்கு மேல் ஆகத்தான் செய்யும். புதிய வாசிப்பியைப் பழைய மேசைக்கணினியின் முகப்பிலுள்ள யு.எஸ்.பி 2.0 வாயிலில் செருகிவிட்டு வேகம் போதவில்லை என்று அட்டையைக் குறை கூறுவதும் இதன் மறுபக்கமே. மடிக்கணினிகளில் உடன் அமைந்த அட்டைத் துளைகள் சில, உள்ளே யு.எஸ்.பி 2.0 வழியாகவே இணைக்கப்பட்டிருக்கும்.

கோப்புகளின் எண்ணிக்கையும் கணக்கில் கொள்ளத்தக்கது. ஒரே அளவுள்ள தரவாயினும், ஒரு பெரிய நிகழ்படக் கோப்பைவிட ஆயிரம் சிறு படக் கோப்புகளை மாற்ற நேரம் கூடுதலாகும். ஒவ்வொரு கோப்புக்கும் புதிய பதிவு ஒன்றைத் தட்டின் அட்டவணையில் எழுத வேண்டியிருப்பதே காரணம். நச்சுநிரல் தடுப்பு மென்பொருள் ஒவ்வொரு கோப்பையும் திறந்து பார்ப்பதும், கோப்புறைச் சாளரம் சிறுபடங்களை வரைந்துகொண்டிருப்பதும் வேகத்தைக் குறைக்கும். சுழலும் வன்தட்டில் ஒரே நேரத்தில் இரண்டு அட்டைகளைப் படியெடுத்தால், எழுதுமுனை இங்குமங்கும் அலைவதால், ஒன்றன்பின் ஒன்றாகச் செய்வதைவிடத் தாமதமாகலாம்.

பொதிகை மலையில் தானியங்கிப் படக்கருவிகள்

முண்டந்துறை 1962 இலும் களக்காடு 1976 இலும் காட்டுயிர் உய்விடங்களாக அறிவிக்கப்பட்டன. இவ்விரண்டையும் இணைத்து 1988 இல் ஏறத்தாழ 895 சதுர கிலோமீட்டர் பரப்பில் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம் அமைக்கப்பட்டது. தாமிரபரணியும் சேர்வலாறு, மணிமுத்தாறு, பச்சையாறு முதலிய அதன் துணையாறுகளும் இம்மலைகளிலிருந்து இறங்குகின்றன.

புலியின் உடல் வரிகள் மனிதரின் கைரேகை போன்று ஒவ்வொன்றுக்கும் தனித்தன்மை உடையவை. இடப்புற வரிகளும் வலப்புற வரிகளும் ஒன்றுபோல் இருப்பதில்லை. எனவே விலங்குத் தடத்தின் இருபுறமும் எதிரெதிராக இரண்டு படக்கருவிகள் வைக்கப்படுகின்றன. வெப்பமுள்ள உடல் கடந்து செல்வதை உணரி அறிந்ததும் கருவி தானே படம் எடுக்கும். 1990களில் கர்நாடகத்தின் நாகரகொளையில் உல்லாஸ் கரந்த் இம்முறையில் புலிகளின் எண்ணிக்கையை மதிப்பிட்டபோது படச்சுருளே பயன்பட்டது. ஒரு சுருளில் 36 படங்களே எடுக்க இயலும். மான் கூட்டம் ஒன்று கடந்தாலே சுருள் தீர்ந்துவிடலாம். எண்ணிமக் கருவிகள் அந்த வரம்பை நீக்கின. அத்துடன் வேறொரு சுமையையும் உண்டாக்கின.

அகில இந்தியப் புலிகள் மதிப்பீடு 2006 முதல் நான்காண்டுக்கு ஒருமுறை நடைபெறுகின்றது. 2018 ஆம் ஆண்டு மதிப்பீட்டில் நாடு முழுவதும் 26,838 இடங்களில் தானியங்கிப் படக்கருவிகள் வைக்கப்பட்டு 3,48,58,623 படங்கள் பெறப்பட்டன. இது கின்னஸ் உலக சாதனையாகவும் பதிவாயிற்று. சராசரியாக ஓர் இடத்திற்கு ஏறத்தாழ 1,300 படங்கள். இவற்றுள் புலி இருந்தவை 76,651. அதாவது ஏறக்குறைய 455 படங்களுக்கு ஒன்று. எஞ்சியவற்றில் பிற விலங்குகளும், காற்றில் அசைந்த புல்லும், கடந்து சென்ற மனிதர்களும் இருப்பர்.

எந்தப் படத்தில் புலி உள்ளது என்பதைக் காட்டில் நின்று தெரிந்தெடுக்க இயலாது. அனைத்தையும் கணினிக்குக் கொண்டுவந்தாக வேண்டும். விலங்கினங்களைத் தானே பிரித்தறியும் மென்பொருள் 2018 மதிப்பீட்டில் பயன்பட்டது. அதுவும் படங்கள் கணினியை அடைந்த பின்னரே வேலை செய்யும். மேலும் புலி இல்லாத படம் பயனற்ற படமன்று. மிளாவும் காட்டுப்பன்றியும் எங்கு எவ்வளவு உள்ளன என்பது புலியின் இரையைப் பற்றிய செய்தியாகும்.

இத்தகைய பணியில் வேகத்திற்கான விடை கணினியில் இல்லை. ஒவ்வொரு கருவிக்கும் இரண்டு அட்டைகள் வைத்துக்கொள்வதே சிறந்த வழி. நிறைந்த அட்டையைக் கழற்றி வெற்று அட்டையைச் செருகினால் ஓரிரு நிமிடத்தில் கருவி மீண்டும் வேலைக்குத் திரும்பிவிடும். மடிக்கணினியைச் சுமந்து சென்று மரத்தடியில் படியெடுத்தால் அவ்வளவு நேரமும் கருவி கண்மூடிக் கிடக்கும். காட்டில் படங்களை மாற்றுவதைவிட அட்டையை மாற்றுவதே விரைவு. தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவமழைகளும் பெறும் இம்மலைப்பகுதியில், கழற்றிய அட்டையை ஈரம் துடைத்து, இட எண் எழுதிய உறையில் இட்டு, நீர்புகாப் பெட்டியில் கொண்டுவருதல் வேண்டும். ஒரு நாள் நடந்து சேகரித்த அட்டைகளுக்கு முன், வாசிப்பியின் வேகத்தால் மிச்சமாகும் சில நிமிடங்கள் சிறியவையே. உறையில் எண் எழுத மறந்தால் இழப்பதோ அந்த முழு நாளின் பயன்.

கோப்புப் பெயர் மோதல்

விரைவாகப் படியெடுப்போருக்கு நேரும் பெரிய இழப்பு பெரும்பாலும் பெயர்களால் நேர்கின்றது. படக்கருவிகள் அனைத்தும் டி.சி.ஐ.எம் என்னும் கோப்புறையில், நான்கு எழுத்துகளும் நான்கு இலக்கங்களும் கொண்ட பெயரில் படங்களை இடுகின்றன. இலக்கம் 0001 இல் தொடங்கி 9999 இல் முடிந்து, பின் மீண்டும் 0001 க்குத் திரும்பும். ஒரே வகையைச் சேர்ந்த இருபது கருவிகளின் அட்டைகளில் ஒரே பெயருள்ள இருபது முதற் படங்கள் இருக்கும். இவற்றை ஒரே கோப்புறையில் கொட்டும்போது, ஏற்கெனவே உள்ளதை மாற்றவா என்று கணினி கேட்கும். அவசரத்தில் அனைத்துக்கும் ஆம் என்று விடையளித்தால், முதல் அட்டையின் படங்கள் மீது இரண்டாம் அட்டையின் படங்கள் எழுதப்பட்டுவிடும். எந்த எச்சரிக்கை ஒலியும் எழாது. கோப்புகளின் எண்ணிக்கை குறைவதை எவரேனும் எண்ணிப் பார்த்தால்தான் தெரியும்.

ஓர் அட்டைக்கு ஒரு கோப்புறை என்பது இதற்கான எளிய தீர்வு. கோப்புறையின் பெயரில் இடத்தின் எண், இடப்புறக் கருவியா வலப்புறக் கருவியா என்பது, அட்டை கழற்றப்பட்ட நாள் ஆகியவை இருத்தல் நன்று. நாளை ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் எழுதினால் கணினியின் வரிசைப்படுத்தலும் கால வரிசையும் ஒன்றாக அமையும்.

கருவியின் கடிகாரம் இதனோடு தொடர்புடையது. ஒரு புலியின் இடப்பக்கப் படத்தையும் வலப்பக்கப் படத்தையும் இணைப்பதற்கு இரு கருவிகளிலும் பதிந்த நேரமே ஆதாரம். மின்கலம் மாற்றும்போது சில கருவிகளின் கடிகாரம் தொடக்க நாளுக்குத் திரும்பிவிடும். ஆகவே அட்டை செருகியதும், இட எண்ணும் நாளும் நேரமும் எழுதிய பலகையை முதல் படமாக எடுத்து வைப்பது நல்ல பழக்கமாகும். கடிகாரம் பிழைபட்டிருந்தாலும் எவ்வளவு பிழை என்பதை அப்படத்தைக் கொண்டு பின்னர் கணிக்கலாம். படத்தினுள் பதிந்த நேரம் படியெடுப்பதால் மாறாது. கோப்பு உருவான நாள் எனக் கணினி காட்டுவதோ படியெடுத்த நாளாக இருக்கலாம். இவ்விரண்டையும் குழப்பிக்கொள்ளலாகாது.

மலையடிவாரத்திலும் சமவெளியிலும் உள்ள குளங்களில், அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவள காப்பு மையத்தின் முயற்சியால் 2011 முதல் நடைபெற்றுவரும் தாமிரபரணி நீர்ப்பறவைகள் கணக்கெடுப்பு போன்ற பணிகளில் சிக்கல் வேறு வடிவம் எடுக்கும். தன்னார்வலர்கள் பலர் தத்தம் படக்கருவிகளுடன் வருவர். கருவிகளின் வகை வேறு, கடிகாரங்கள் வேறு. புறப்படுமுன் அனைவரும் ஒரே கைப்பேசியின் கடிகாரத்தைப் படமெடுத்துக்கொண்டால் பின்னர் ஒப்பிட்டுச் சரிசெய்வது எளிதாகும்.

சரிபார்த்தலும் அட்டையை வெறுமையாக்கலும்

கணினியில் வெட்டி ஒட்டுதல், படியெடுத்து ஒட்டுதல் என இரு கட்டளைகள் உள்ளன. முன்னையது கோப்பை மூல இடத்திலிருந்து நீக்கிவிடுகின்றது. இடையில் மின்சாரம் நின்றாலோ வடம் கழன்றாலோ எது எங்கே உள்ளது என்பது தெளிவற்றுப் போகலாம். ஆதலால் அட்டையிலிருந்து எப்போதும் படியெடுத்தலே முறை. எஸ்.டி அட்டையின் ஓரத்தில் உள்ள சிறு பூட்டை நகர்த்தினால் வாசிப்பி அதில் எதையும் எழுதாது. தவறுதலாக அழிப்பதும் தடுக்கப்படும்.

படியெடுத்தபின் அட்டையிலும் கணினியிலும் கோப்புகளின் எண்ணிக்கையையும் மொத்த அளவையும் ஒப்பிடுதல் குறைந்தபட்சச் சரிபார்ப்பு. இது அரை நிமிட வேலை. அளவு ஒத்திருந்தும் உள்ளடக்கம் கெட்டிருக்கக்கூடும் என்பதால், ஒவ்வொரு கோப்புக்கும் சரிபார்ப்புத் தொகை கணக்கிட்டு ஒப்பிடும் மென்பொருள்களும் பயன்படுத்தப்படுகின்றன. விண்டோசில் ரோபோகாப்பி, லினக்சில் ஆர்சிங்க் ஆகிய கருவிநிரல்கள் இடையில் நின்ற மாற்றத்தை முதலிலிருந்து தொடங்காமல் விடுபட்ட கோப்புகளை மட்டும் படியெடுக்கும் திறனுடையவை. பெரும் எண்ணிக்கையிலான படங்களுக்கு இவை சாளரத்தில் இழுத்து விடுவதைவிடப் பொருத்தமானவை.

இரண்டாவது படி வேறொரு தட்டில் எடுக்கப்படும் வரை அட்டையை வெறுமையாக்காதிருத்தல் வேண்டும். வெறுமையாக்கும்போதும் கணினியில் அல்லாமல் படக்கருவியிலேயே செய்வது நலம். அட்டையின் கோப்பு ஒழுங்கமைப்பு அக்கருவிக்கு ஏற்றவாறு அமையும்.

மீண்டும் எடுக்க முடியாத படங்களுக்கு இவ்விதி இன்னும் கண்டிப்பானது. தாமிரபரணிக் கரையிலுள்ள ஆதிச்சநல்லூரில் அலெக்சாண்டர் ரீ 1899 முதல் சில ஆண்டுகள் அகழாய்வு நடத்தினார். இந்தியத் தொல்லியல் துறை 2004 இலும், தமிழ்நாடு தொல்லியல் துறை 2020 இலும் அங்கு அகழாய்வுகளைத் தொடங்கின. அகழாய்வில் ஒரு மண்ணடுக்கைப் பதிவு செய்தபின் அதை நீக்கியே அடுத்த அடுக்குக்குச் செல்ல வேண்டும். தாழி இருந்த நிலையைக் காட்டும் படம் தொலைந்தால், அந்த நிலையை மறுபடி படமெடுக்க அங்கு ஒன்றும் இருக்காது. வரைபடமும் குறிப்பேடும் மட்டுமே எஞ்சும்.

இரு படிகளும் ஒரே அறையில் இருப்பது ஒரு படி இருப்பதற்கு ஒப்பாகும். 2023 திசம்பர் 17, 18 ஆம் நாட்களில் தென் மாவட்டங்களில் பெய்த பெருமழையில் காயல்பட்டினத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. தாமிரபரணி பெருக்கெடுத்துத் திருநெல்வேலி நகரின் தாழ்ந்த பகுதிகளிலும் திருவைகுண்டம் சுற்றுவட்டாரத்திலும் வெள்ளம் புகுந்தது. தரைத்தளத்தில் வைக்கப்பட்ட கணினிக்கும் அதனருகில் வைக்கப்பட்ட காப்பு வன்தட்டுக்கும் வெள்ளம் வேறுபாடு காட்டுவதில்லை. மூன்று படிகள், இரண்டு வகைச் சேமிப்பகங்கள், ஒன்று வேறிடத்தில் என்னும் பொதுவிதி இத்தகைய நிகழ்வுகளை எண்ணியே கூறப்படுகின்றது.

அழிந்த படங்களை மீட்டல்

அட்டையில் ஒரு படத்தை அழிக்கும்போது பொதுவாக அட்டவணையிலுள்ள அதன் பதிவே நீக்கப்படுகின்றது. தரவு அவ்விடத்தில் புதிய படம் எழுதப்படும் வரை அப்படியே இருக்கும். விரைவு முறையில் வெறுமையாக்கிய அட்டைக்கும் இது பெரும்பாலும் பொருந்தும். ஆகவே இழப்பு தெரிந்தவுடன் அந்த அட்டையில் மேலும் படம் எடுப்பதை நிறுத்தி, பூட்டை நகர்த்தி வைத்தல் முதற்பணி. ஃபோட்டோரெக் முதலிய கட்டற்ற மென்பொருள்கள் அட்டையை முழுவதும் தேடி, படக்கோப்புகளின் தொடக்க அடையாளத்தைக் கொண்டு அவற்றை மீட்கும். மீட்ட படங்களைக் கணினியில்தான் சேமிக்க வேண்டும். அதே அட்டையில் சேமித்தால், தேடப்படும் படங்களே மேலெழுதப்பட்டு அழியும்.

இவ்வாறு மீட்கப்படும் கோப்புகளுக்குப் பழைய பெயரும் கோப்புறையும் திரும்பக் கிடைப்பதில்லை. படத்தினுள் பதிந்த நாளும் நேரமும் மட்டும் பெரும்பாலும் தப்பியிருக்கும். அவற்றைக் கொண்டு படங்களை வரிசைப்படுத்தலாம். எந்தத் தடத்தில், எந்தப் பக்கத்துக் கருவி எடுத்தது என்பதை அறிய, முதல் படமாக எடுத்து வைத்த அந்த எண்பலகையைத் தேட வேண்டும்.